குறைந்தபட்சப் பரப்பு

செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணி.
ஷினாஸ் நகராட்சி, மேல்மாடி.
பேரீச்சம்பழத் தட்டு மேசையைச் சுற்றி வருவதற்குள்
ப்ரொஜெக்டரை எழுப்பிவிட வேண்டும் நான்.
டிப்ளமோக்காரனை முஹந்திஸ் என்று அழைக்கிற ஊர்.
வரைபடத்தைச் சுவரில் போடுவேன்,
பெரிதாக்கு என்றால் பெரிதாக்குவேன்.
ஓட்டு கிடையாது எனக்கு.
காவா உண்டு.

மஞ்சள் என்றால் குடியிருப்பு,
சிவப்பு கடை, ஊதா தொழிற்பேட்டை.
பச்சை தோட்டம்;
பத்து வருடமாய்த் தண்ணீர் காணாமல்
மொட்டையாய் நின்றாலும் பச்சைதான்.

முதல் மனு, வீட்டு முன்னறையில் சலவைக்கடை.
நிராகரிப்பு.
கடை ஏற்கெனவே நடக்கிறது,
தலைவர் ஹிலாலின் திஷ்தாஷா அங்கேதான் வெளுக்கிறது
என்பதெல்லாம் கோப்பில் இல்லை.
அடுத்தது பெட்ரோல் பங்க்.
பள்ளிவாசலிலிருந்து எத்தனை மீட்டர்?
அளந்தேன். பதினாறு குறைகிறது.
பங்க்கைத் தள்ளிப் போடுங்கள் என்றார் ஒருவர்,
பின்னே பள்ளிவாசலையா தள்ளுவது என்றார் இன்னொருவர்.
சிரித்தார்கள்.
கூட்டக் குறிப்பில் சிரிப்புக்குப் பத்தி கிடையாது.

பிறகு அந்த மனைப்பிரிவு.
இரண்டாயிரத்து நானூறு சதுர மீட்டர்,
தகப்பன் போய்விட்டார்,
மகன்கள் மூவர், மகள் ஒருத்தி.
ஷரீஅத் கணக்கில் ஏழு பங்கு:
அவர்களுக்கு இரண்டிரண்டு, இவளுக்கு ஒன்று.
கோடு போட்டுக் காட்டினேன்.
அவள் துண்டு முந்நூற்று நாற்பத்திரண்டு சொச்சம்.
அறுநூறுக்குக் கீழே மனை என்று ஒன்று
இந்த நகராட்சியில் இருக்கவே முடியாது.

ஷம்ஸா எழுந்தாள்.
அபாயாவின் கைநுனியில் மார்க்கர் மை, பள்ளிக்கூட டீச்சர்.
"மார்க்கம் தந்ததை
விதி பதினொன்று இல்லை என்கிறதா?"
"நிலம் இருக்கிறது சகோதரி. மனைதான் இல்லை."
"சரி. சுவரை எங்கே எழுப்ப?"
மூத்தவனோடு சேர்த்து ஒரே மனையாக என்றார்கள்.
மூத்தவன் ஜன்னலைப் பார்த்தான்.
திட்டப் பொறியாளர் ஸுலைமா
பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.
ஒத்திவைப்பு.
கோட்டை அழிக்கச் சொன்னார்கள்.
அழித்தாயிற்று என்றேன்.
லேயரை அணைத்தேன், அவ்வளவுதான்.

ஏழாவது கோப்பு.
முந்தின நாளே தெரியும், வரைந்தவன் நான்.
மனை எண்பத்தெட்டு, மஞ்சள்.
குடும்பப் பகுதியில் தனியாட்கள்.
புகார்: கருவாட்டு வாசம், பால்கனியில் லுங்கி,
நள்ளிரவு இரண்டு மணிக்கு
செல்போனில் சத்தமாக அழுகிறவன்.
அழுகிறவன் பாபுல்.
கருவாடு என்னுடையது.

எத்தனை பேர் இருக்கிறார்கள்?
கோப்பில் பன்னிரண்டு.
என் நாக்கில் முப்பத்தொன்று.
ஸுலைமா என்னைப் பார்த்தார்;
என் வாடகைப் படிவத்தில் கையெழுத்திட்டவர்.
"கோப்பில் பன்னிரண்டு" என்றேன்.
"கோப்பில்" என்றார் அவர், மெதுவாக.
ஆறு மாத அவகாசம். அப்புறம் ஊதாவுக்கு.
பெரிதாக்கு என்றார் தலைவர்.
பெரிதாக்கினேன்.
மார்ச் மாதச் செயற்கைக்கோள் படம்,
மொட்டைமாடிக் கொடியில்
நீலமாய் ஒரு புள்ளி. என் போர்வை.

இரவு லோகேந்திரா கேட்டான்,
ஆபீசில் இன்று என்ன விசேஷம்?
சலவைக்கடைக்கு அனுமதி இல்லை என்றேன்.
ஐயோ இஸ்திரிக் காசு ஏறிவிடுமே
என்று அவனுக்கு அந்தக் கவலை.
படுத்தபடி கட்டிலைச் சாண்போட்டு அளந்தேன்.
ஒன்று புள்ளி ஏழு சதுர மீட்டர்.
கீழ்த்தட்டில் ஒருவன் குறட்டை விடுகிறான்,
இரண்டால் வகுக்க வேண்டுமோ?
விதி பதினொன்றில் அது இல்லை,
பன்னிரண்டிலும் இல்லை.

புதன்கிழமை, கவுண்டரைத் திறந்ததும் ஷம்ஸா.
அழித்தீர்களே அந்தக் கோடு,
அதை ஒரு பிரிண்ட் எடுத்துத் தர முடியுமா?
பின்னால் திரும்பிப் பார்த்தேன்.
ஸுலைமாவின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது.
ஏ-நான்கா, ஏ-மூன்றா
என்று கேட்டேன்.